விழாத ரோபோ தண்ணி லாரி

பெட்டிய மேல வைக்க வேண்டாங்கக்கா, மடியிலயே இருக்கட்டும். இல்லீங்க, கனமெல்லாம் இல்ல. மேல வச்சா சூலூர் தாண்டுறதுக்குள்ள உள்ள இருக்கிறது அத்தனையும் விழுந்துரும். இந்த டிரைவர் பிரேக் போடுறதப் பாத்தீங்கல்ல? வீட்ல யார் மேலயோ இருக்கிற கோவத்தயெல்லாம் பெடல்ல காட்டுறாரு.

உள்ள என்னவா? ரோபோ. சிரிக்காதீங்கக்கா, நெசமாத்தான். பதினாறு இருக்கு. இந்தா பாருங்க, இது பேரு கருங்கல். நூறு டன். எட்டு மாடி உயரம். கையில எடுத்தா சுண்டுவிரல் அளவுதான், ஆனா கணக்குக்கு எட்டு மாடி. தல வந்து பேஸ்ட் டியூப் மூடி, உடம்பு நூல்கண்டு கட்ட, கால் ரெண்டும் போல்ட்டு. எல்லாம் நான் ஒட்டுனது. பிடிச்சுக்கங்க, ஒண்ணும் ஆகாது. காலப் பிடிச்சுத் தூக்காதீங்க, இடுப்பப் பிடிங்க. ஆங்.

போன் அடிக்குதா? அடிக்கட்டும். ஷாஹிராதான். சிங்காநல்லூர்ல பஸ் ஏறுனதுல இருந்து ஒம்போது தடவ அடிச்சுட்டா. பத்தாவது தடவயும் எடுக்க மாட்டேன். ஏன்னு கேளுங்க. கேளுங்கக்கா, நீங்களும் கரூர்தானே, மூணு மணி நேரம் இருக்கு. நீங்க கடலை தின்னு முடிக்கணும், நான் யார்கிட்டயாச்சும் இதச் சொல்லி முடிக்கணும். இல்லேன்னா வெடிச்சுருவேன்.

நான் கோதைங்க. கோயமுத்தூர்ல இன்ஜினியரிங், கடைசி வருஷம். மொத வருஷம் ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அக்கா வெளிநாட்டு ஆட்டம் ஒண்ணு வச்சிருந்தாங்க. மேசையில வச்சு ஆடுறது, ரோபோ சண்ட. நான் ஒரு பொம்மயத் தொட்டதுக்கு, "கைய எடு, உனக்கெல்லாம் புரியாது"ன்னாங்க. எனக்கு! எனக்குப் புரியாதாம்! அன்னைக்கே கடைக்குப் போய் நோட்டு ஒண்ணு வாங்கி நானே ஒரு ஆட்டம் எழுதுனேன். அவங்களுதுல என்ன விதின்னு கூட நான் எட்டிப் பாக்கல. முப்பத்திரெண்டு பக்கம் விதி. ஆட்டத்துக்குப் பேரு தொம். ஏன் தொம்முன்னா, நூறு டன்னு விழுந்தா பின்ன டொக்குன்னா சத்தம் வரும்?

விதி சுலபம்தாங்க. மேசையில ஆளாளுக்கு ஒரு ரோபோ. மாத்தி மாத்தி நகத்தி, சுட்டு, எல்லாரும் ஒரு சுத்து முடிச்சா ஒரு ரவுண்டு. ஒரே ரவுண்டுல ஒரு ரோபோ இருபது புள்ளி அடி வாங்குச்சுன்னா நிக்குமா விழுமான்னு ரெண்டு டைஸ் உருட்டணும். ஏழுக்குக் கீழ வந்தா விழுந்துச்சு. எந்தப் பக்கம் விழுதுங்கறதுக்கு இன்னொரு டைஸ்: மூஞ்சி குப்புறவா, மல்லாக்கவா, ஒருக்களிச்சா. விழுந்த அடி தனி. பத்து டன்னுக்கு ஒரு புள்ளி. இந்தக் கருங்கல் விழுந்தா தன் கனமே தன்னப் பத்து புள்ளி அடிக்கும். கீழ கிடக்கையில ஒரு கையாலதான் சுட முடியும். எந்திரிக்கிறதுக்கு மறுபடி டைஸ். அதுலயும் கம்மியா வந்துச்சுன்னா எந்திரிக்கிற பாதியில மறுபடி தொம்.

ஆனா இத்தனையும் விட முக்கியமான விதி ஒண்ணு இருக்கு. அது நோட்டுல இல்ல. மொத நாள் ஆட்டத்துல தானா வந்துச்சு. ஷாஹிரா என் ரூம்மேட். அவ ரோபோ பேரு சிட்டு, வெறும் இருபது டன். நான் அடிச்ச அடியில சாஞ்சிருச்சு. நான் சந்தோசத்துல கைய நீட்டி அதத் தள்ளிவிடப் போனேன். புறங்கையில பட்டுனு ஒண்ணு வச்சா. "என் ரோபோவ நீ தொடாத. விழுந்தா நானே படுக்க வைப்பேன்"னா. வச்சா. மெதுவா, கொழந்தயத் தொட்டில்ல போடுற மாதிரி சாய்ச்சு வச்சுட்டு, அவ வாயாலயே "தொம்"னா. அவ்ளோதான். அன்னைல இருந்து எங்க மேசையில அதான் சட்டம். விழுந்தவங்க தன் கையால படுக்க வைக்கணும், தன் வாயால தொம் சொல்லணும். சொல்லாத வரைக்கும் அடுத்த ரவுண்டு கிடையாது. ஒரு தடவ நவநீதன், அவன் எங்க கிளாஸ்தான், காலேஜ் கேன்டீன்ல கால் மணி நேரம் உம்முனு உக்காந்திருந்தான். பரோட்டா தீந்து போச்சு. யாரும் எந்திரிக்கல. கடைசியில சொன்னான். சொன்ன ஒடனே பக்கத்து மேசைக்காரங்கெல்லாம் கை தட்டுனாங்க. அதுல ஒரு மரியாத இருக்குங்கக்கா. விழுந்தவனுக்குக் கை தட்டுற ஆட்டம் வேற எங்க இருக்கு?

நானா? நான் சொல்றதுக்கு எவ்ளோ நேரம் எடுப்பேன்னா? நான் விழுந்ததே கம்மிங்க. ஒரு தடவ விழுந்திருப்பேன், ஆனா டைஸ் மேசைக்கு அடியில போயிருச்சு, கீழ விழுந்த டைஸ் செல்லாதுன்னு ரெண்டாவது உருட்டுனேன். அது விதிப்படிதான். பன்னெண்டாவது பக்கத்துல இருக்கு. அப்புறமாத்தான் எழுதுனேன், ஆனா இருக்கு.

சரி, விசயத்துக்கு வரேன். கடைசி வருஷ புராஜெக்ட். எல்லாரும் அட்டெண்டன்ஸ் ஆப், பஸ் பாஸ் ஆப்னு ஓட்டிட்டிருந்தாங்க. நான் சொன்னேன், நாம தொம்ம கம்ப்யூட்டர் கேமா பண்றோம். ரோபோவுக்குள்ள நாமளே உக்காந்து ஓட்டுற மாதிரி. ஷாஹிரா படம் வரைவா, நவநீதன் புரோகிராம், விதி எல்லாம் நான். எங்க எச்.ஓ.டி. சௌந்தரவல்லி மேடம் கூட கண்ணாடியக் கழட்டிட்டு, "நல்லாருக்கே"ன்னாங்க. அவங்க வாயில இருந்து அது வர்றது அமாவாசைக்கு நிலா வர்ற மாதிரி.

மொத வெர்சன் ரெடியாச்சு. என் நோட்டு அப்படியே. ஒரு எழுத்து மாறல. ரெண்டாம் வருஷப் பசங்கள லேபுக்குக் கூப்பிட்டு ஆட விட்டோம்.

ஆகாஷோ அவினாஷோ, ஒருத்தன் உக்காந்தான். விழுந்தான். விழுந்தா ஸ்கிரீன் ஃபுல்லா தர. புல்லு, மண்ணு. ஆறு செகண்டு. அப்புறம் கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள டைஸ் உருட்டுச்சு, கம்மியா வந்துச்சு, மறுபடி தர. மறுபடி. ஏழு தடவ. அவன் மவுச விட்டுட்டு ரெண்டு கையயும் தூக்கிட்டான். "அக்கா, நான் எதாச்சும் தப்பு பண்ணிட்டனா? இது கேமா, பனிஷ்மென்ட்டா?" நான் சொன்னேன், "உன் டைஸ் சரியில்ல." "எந்த டைசு? நான் எங்க உருட்டுனேன்?"ங்கறான். கம்ப்யூட்டர் திருடுதுன்னு அவன் வெளிய போய்ச் சொல்லிட்டான். என் கேம் திருடுதாம்! என் டைஸ் திருடுதாம்!

இன்னொரு பிரச்சன. மேசையில ரவுண்டு இருக்கு. கம்ப்யூட்டர்ல ஏது ரவுண்டு? எல்லாரும் ஒரே நேரத்துல சுட்டுட்டே இருக்காங்க. நான் நோட்டுல ஒரு ரவுண்டு பத்து செகண்டுன்னு எழுதியிருந்தேன், அதனால பத்து செகண்டுக்கு ஒருக்கா அடிக் கணக்கு ஜீரோ ஆகணும்னு சொன்னேன். நவநீதன் அப்படியே பண்ணுனான். ஒரு பொண்ணு கண்டுபிடிச்சுட்டா. ஓரமா டைம் ஓடுறதப் பாத்து, ஒம்போதாவது செகண்டுல பத்தொம்போது புள்ளி அடி வாங்கிட்டு, பத்து தாண்டுனதும் இன்னொரு பத்தொம்போது வாங்குறா. முப்பத்தியெட்டு புள்ளி! ஆடாம நிக்குறா! பக்கத்துல ஒருத்தன் ரெண்டு ரெண்டு புள்ளியா கொசுக்கடி வாங்கி, பத்து செகண்டுக்குள்ள இருபது ஆகி, பொத்துன்னு விழுறான். லேபே சிரிக்குது.

நவநீதன் சொன்னான், "கோத, இத ஓட்டக் கொடம் மாதிரி வச்சிரலாம். அடி விழ விழ நிரம்பும். அடிக்காம விட்டா கொஞ்சம் கொஞ்சமா வடியும். வழிஞ்சா விழணும். செகண்டு கணக்கே வேண்டாம்." மூணு நாள் சண்ட போட்டேன். நோட்டுல கொடமே இல்லன்னேன். நாலாவது நாள் நானே யோசிச்சுப் பாத்தேன், கொடம்தான் சரின்னு பட்டுச்சு. அதனால கொடத்த நான் கொண்டு வந்தேன். மேடம்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். நவநீதன் பக்கத்துலதான் நின்னான். என்ன பாக்குறீங்க? யோசிச்சு முடிவு பண்ணுனது யாரு? நான்தானே?

ஆனா விழுறது விழுறதுதான். அதுல நான் ஒரு முடி கூட விட்டுக் குடுக்கல. ஆறு செகண்டு, டைஸ், தர, எல்லாம் இருக்கணும். நவநீதன் சொல்றான், "விழட்டும் கோத, நான் வேண்டாங்கல. ஆனா ஆடுறவன் கையக் கட்டிப் போட்டுட்டு விழ வைக்காத. அவன் கையில எதாச்சும் குடு." நான் கேட்டேன், "கையில என்ன குடுக்க, கிலுகிலுப்பயா?" ஷாஹிரா சிரிச்சுட்டா. அவன் சிரிக்கல. "ரிவ்யூவுக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு. நீ எதயும் மாத்த விட மாட்டேங்கற. அப்ப விழுறதயே எடுத்துரலாம். அடி வாங்குனா ரோபோ குலுங்கட்டும், போதும்"னான்.

குலுங்கணுமாம்! குலுங்குறதுக்கு அது என்ன மினி பஸ்ஸா?

நான் கத்துனேங்க. லேப்ல நாப்பது பேர் இருந்தாங்க. "விழாத ரோபோவுக்குப் பேரு ரோபோ இல்லடா. தண்ணி லாரி. துப்பாக்கி கட்டுன தண்ணி லாரி. நீ வேணா தண்ணி லாரி சண்டன்னு பேர் வச்சு ஆடு. எட்டு மாடி உசரத்துல ஒண்ணு நடந்து வருதுன்னா பாக்குறவனுக்கு என்ன தோணணும்? ஐயோ, இது விழுந்தா என்ன ஆகும்னு தோணணும். ரெண்டு கால்ல நிக்குறதே ஒரு தைரியம்டா. நாலு சக்கரத்துல நிக்குறதுக்கு என்ன தைரியம் வேணும்?"

நல்லாத்தானே கேட்டேன்? நீங்களே சொல்லுங்க.

அப்பதான் மேடம் வந்தாங்க. அவங்க ரூம் வரைக்கும் கேட்டுருச்சு போல. "கோத, கத்துனா மார்க் கிடையாது. விழுறது ஒண்ணு, குலுங்குறது ஒண்ணுன்னு ரெண்டு வெர்சனும் பண்ணி இருபது பேர ஆடச் சொல்லு. எது பிடிச்சிருக்குன்னு சீட்டுல எழுதிப் போடட்டும்"னாங்க. சரின்னேன். எனக்கென்ன பயம்?

நேத்து சாயங்காலம் எண்ணுனோம். பதினேழு பேர் குலுங்குறதுக்கு. மூணு பேர் விழுறதுக்கு.

அந்த மூணுல ஒண்ணு நான் போட்டது. ஏன், நானும் ஆடுறவதானே?

செல்லாதுங்கக்கா அது. ஒண்ணு, பாதிப் பேருக்கு ஏசிக்குள்ள உக்காந்தா மூள வேல செய்யாது. ரெண்டு, விழுற வெர்சன மொதல்ல ஆட விட்டாங்க, குலுங்குறத ரெண்டாவதா. கடைசியாத் தின்னதுதானே நாக்குல நிக்கும்? மூணு, அவங்களுக்கு ரசன கிடையாது. நான் ஒவ்வொண்ணா விரல் மடக்கிச் சொல்லிட்டே இருக்கேன். ஷாஹிரா தலயக் குனிஞ்சுட்டா. நவநீதன் பக்கத்துல வந்து, மெதுவாத்தான் சொன்னான், ஆனா எனக்குக் கேட்டுச்சு. "தொம் சொல்லிரு கோத. சொல்லிட்டு உக்காரு. அடுத்த ரவுண்டு ஆடலாம்."

யாரப் பாத்து? யார் எழுதுன ஆட்டம்? யார் விதி?

காலைல எந்திரிச்சதும் லேபுக்குப் போனேன். ரிவ்யூவுல கம்ப்யூட்டர் பக்கத்துல வைக்கணும்னு மேசை ஆட்டத்த மேடம் அங்க அடுக்கி வச்சிருந்தாங்க. பதினாறயும் எடுத்துப் பெட்டியில போட்டேன். நோட்டையும் எடுத்துக்கிட்டேன். ரிப்போர்ட்டுல மூணு பேரும் கையெழுத்துப் போடணும். அவங்க ரெண்டு பேரும் போட்டு வச்சிருந்தாங்க, நடுவுல எனக்கு எடம் விட்டு. நான் போடல. நேரா சிங்காநல்லூர், நேரா ஊருக்குப் பஸ்ஸு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள மூணு கையெழுத்தும் மேடம் டேபிளுக்குப் போகணும். போகலேன்னா திங்கக்கிழம ரிவ்யூ இல்ல. ரிவ்யூ இல்லேன்னா டிகிரி அடுத்த வருஷம்தான்.

மூணு பேருக்கும்தான். ஆமா. ஷாஹிராவுக்கு வேல கெடச்சிருக்கு, பெங்களூர்ல, ஜூலையில சேரணும். தெரியும். எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் ஒம்போது தடவ போன் அடிக்குறா. அவளுக்கு வேலதான் முக்கியம். எனக்குக் கொள்க முக்கியம். நான் அவளுக்கு எதிரா ஒண்ணும் பண்ணல. பஸ் ஏறுனேன். பஸ் ஏறுறது ஒரு குத்தமா?

இது என்ன ஊரு, பல்லடமா? தாண்டிட்டமா? பாருங்க, பேசுனா நேரம் போறதே தெரியல.

கடலை வேண்டாங்கக்கா. சரி, ரெண்டு குடுங்க.

நீங்க என்ன வேல பாக்குறீங்க? செக்கிங் செக்சனா? பெட்ஷீட்டு, ஸ்கிரீன் துணி எல்லாம் வெளிநாட்டுக்குப் போறது? அப்ப உங்களுக்கு நல்லாத் தெரியும். குத்தம் கண்டுபிடிக்கிறதுதானே உங்க வேல. எங்க, என் பேச்சுல ஒரு குத்தம் சொல்லுங்க பாப்போம்.

என்ன?

இல்ல, கேட்டுச்சு. கேட்டுச்சுங்க. மறுபடி சொல்லுங்க.

கம்ப்யூட்டர்ல யாரு படுக்க வைப்பாங்கன்னா கேக்குறீங்க?

யாரும் இல்லீங்க. கம்ப்யூட்டர் தானாவே தள்ளிரும்.

...

ம்.

இல்லீங்க, ஒண்ணும் இல்ல. நீங்க சாப்புடுங்க.

தானாவே தள்ளிரும். ஷாஹிரா கையில அன்னைக்கு நான் வாங்குனேன் பாருங்க அடி. "நீ தொடாத"ன்னு. இந்தக் கம்ப்யூட்டரு அந்தப் பையன ஏழு தடவ தொட்டிருக்கு. ஏழு தடவயும் அவன் ரோபோவ அவன் கையில இருந்து புடுங்கித் தள்ளியிருக்கு. டைசயும் அதுவே உருட்டிக்கிச்சு, தொம்மும் அதுவே சொல்லிக்கிச்சு. அப்புறம் அவனுக்கு அங்க என்ன வேல? அவன் கையத் தூக்காம என்ன பண்ணுவான்?

நோட்டுல எழுதலைங்கக்கா! அந்த ஒரு விதிய மட்டும் நான் எழுதல. முப்பத்திரெண்டு பக்கம் எழுதுனேன். டைஸ் கீழ விழுந்தா என்ன பண்றதுன்னு எழுதுனேன். அத எழுதல. அது ஷாஹிரா விதிங்கறதால விட்டுட்டனான்னா... அப்படி இல்ல. மறந்துட்டேன். அப்படித்தான்னு வச்சுக்கங்க.

பேனா இருக்கா? குடுங்க, குடுங்க. டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதிக்கறேன்.

கொடம் நெறஞ்சா ஒடனே தள்ளக் கூடாது. சைரன் அடிக்கணும், ரோபோ தள்ளாடணும். ஒண்ணர செகண்டு. அந்த ஒண்ணர செகண்டு ஆடுறவனுது. கீழ போற பட்டன அவனே அமுக்குனா, ரோபோ முட்டி போட்டு, கை ஊணி, தானாப் படுக்கும். எந்தப் பக்கம்னு அவன்தான் முடிவு பண்ணுவான். செவுரு இருந்தா செவுத்துக்குப் பின்னாடி படுப்பான். அடி பாதிதான். நூறு டன்னுக்குப் பத்து இல்ல, அஞ்சு. படுத்தவன் சீக்கிரம் எந்திரிக்கலாம், அதுவும் அவன் பட்டன்தான். இல்ல, நான் படுக்க மாட்டேன், நின்னே தீருவேங்கறானா? நில்லு. ஆனா டைஸ் ஸ்கிரீன்ல உருளும், அவன் கண்ணு முன்னாடி உருளும். ஏழுக்குக் கீழ வந்துச்சுன்னா முழு அடி, அதுவும் டைஸ் சொல்ற பக்கம். படுக்குறதும் அவன் கையில, நிக்குறதும் அவன் கையில. அப்புறம் எவன் சொல்லுவான் கேம் திருடுதுன்னு?

தண்ணி லாரி தன்னால படுக்குமா? படுக்காதுல்ல? அப்ப இது ரோபோ! நான் சொன்னது சரிதானே? விழுறது இருந்தே ஆகணும்னு மொத நாள்ல இருந்து நான்தானே சொல்லிட்டிருக்கேன்?

நவநீதனா? அவன் சொன்னது வேறங்க. அவன் கையில எதாச்சும் குடுன்னான். எதாச்சும்னா என்னன்னு அவன் சொல்லல.

நான் கேக்கவும் இல்ல, சரி. கிலுகிலுப்பயான்னு கேட்டேன். அது ஒரு கேள்வியான்னு நீங்க பாக்குறது புரியுது.

சிரிக்காதீங்கக்கா.

மறுபடி அடிக்குது பாருங்க. பத்து. எடுக்க மாட்டேன்னு சொன்னேன்ல, எடுக்க மாட்டேன். நின்னுரும் இருங்க. நின்னுருச்சு. பாத்தீங்களா? பத்தாவதயும் எடுக்கல. சொன்ன வாக்கு.

நானே போன் பண்ணப் போறேன் இப்ப. அது வேற. ஷாஹிராவுக்கு இல்ல, நவநீதனுக்கு.

ஹலோ. ம். நான்தான். ... எங்கயா? பஸ்ல. காங்கேயம் வரப் போகுது. ... ஷாஹிரா அழுறாளா? ஏன் அழுறா? ... தெரியும். தெரியும்டா. கத்தாத, பக்கத்துல அக்கா இருக்காங்க. நான் பேசவா நீ பேசுறியா? எழுதிக்கோ. கொடம் நெறஞ்சதும் தள்ளாத. ஒண்ணர செகண்டு சைரன். கீழ் பட்டன் அமுக்குனா அவனே படுக்கணும். அடி பாதி. அமுக்கலேன்னா டைஸ், ஸ்கிரீன்ல, பெரிசா. ... ஆமா. ... ஆமான்னு சொல்றேன்ல? ... எத்தன நாள் ஆகும்? ... நாளைக்கு ராத்திரிக்குள்ளயா? அப்ப நீ ஏற்கெனவே பாதி எழுதி வச்சிருக்க! ... எப்பருந்து? ... ரெண்டு வாரமாவா?

...

ஏன்டா சொல்லல? ... சொன்ன. சரி. சொன்னதான்.

...

லைன்லதான் இருக்கேன். இரு.

அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்களா? ஜன்னலப் பாருங்க. ஒண்ணும் இல்ல, சும்மா.

...

தொம்.

சொன்னேன்ல? இன்னொரு தடவ சொல்ல மாட்டேன். பஸ் சத்தத்துல கேக்கலேன்னா அது உன் பிரச்சன. ... கேட்டுச்சுல்ல? அப்புறம் என்ன? ... எந்தப் பக்கமா? ஏன்டா, இது ஒரு கேள்வி? ... மூஞ்சி குப்புற. போதுமா? ... ஷாஹிராவும் கேட்டுட்டாளா? ஸ்பீக்கர்லயா போட்டிருக்க? நவநீதா, நீ நாசமாப் போவ. யாருடா அது கை தட்டுறது? லேபே இருக்கா? மேடமுமா? ஐயோ! ... வை. வைடா போன. மூணு மணிக்குள்ள வந்துருவேன். அந்தக் கையெழுத்து எடத்துல எவனாச்சும் டீ கிளாஸ் வச்சீங்க, கொன்னுருவேன். அப்புறம் அந்தத் தொம் சத்தம், கம்ப்யூட்டர் சத்தம் வேண்டாம். ஷாஹிரா குரல்ல எடு. அவ சொன்னதுதான் மொதத் தொம். ... எழுதிக்கோ. அத நோட்டுலயும் எழுதப் போறேன். அவ பேர் போட்டு.

வச்சுட்டான்.

கண்டக்டர் அண்ணே! காங்கேயம் ஒண்ணு, எறங்கணும். கரூருக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், தெரியும். இப்ப காங்கேயத்துல எறங்குறேன். டிக்கெட்டா? இந்தாங்க... இல்ல, தர மாட்டேன், பின்னாடி விதி எழுதியிருக்கேன். பாத்துக்கங்க, கையில இருந்தே பாத்துக்கங்க.

பெட்டிய அப்படியே குடுங்கக்கா. ஆத்தாடி, என்ன பிரேக்கு இது! விழுந்துருச்சா உள்ள? பதினஞ்சும் விழுந்துருச்சு. விடுங்க, போய் நிறுத்திக்கலாம். அந்தக் கருங்கல் மட்டும் உங்க கையிலயே இருந்ததால நிக்குது. குடுங்க. இல்ல, அத நீங்க உள்ள போடாதீங்க, என்கிட்ட குடுங்க. அது என்னுது. நானே படுக்க வைக்கறேன்.

இங்க பாருங்க. இப்படி. இடுப்பப் பிடிச்சு, மெதுவா. முடிஞ்சுது.

வரேங்கக்கா. கரூர்ல எறங்கி வீட்ல போய் யார்கிட்டயாச்சும் இந்தக் கதையச் சொல்லுவீங்க, எனக்குத் தெரியும். சொல்லுங்க. ஆனா சரியாச் சொல்லுங்க. பஸ்ல ஒரு பொண்ணு வந்துச்சு, பாதி வழியில தோத்துப் போய் எறங்கித் திரும்பிப் போச்சுன்னு சொல்லிராதீங்க. நான் விழல. நானாப் படுத்தேன். விழுந்திருந்தா பத்து புள்ளி போயிருக்கும். எனக்குப் போனது அஞ்சுதான்.